தைல வாடை, பாச்சா உருண்டை வாடை: சம்பங்கி மல்லிகை செண்டை எடைபோடுவதும் போடுவதும்

பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. கொழுந்தன் வெளிநாட்டிலிருந்து 50 மில்லி செண்ட் ஒன்று வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். டப்பாவில் சம்பங்கி, மல்லிகை, ஆரஞ்சுப்பூ என்று போட்டிருக்கிறது. கழுத்தில் மூன்று தடவை அடித்ததும் முட்டிவலித் தைலம் மாதிரி வந்திருக்கிறது. அரை மணி கழித்து மாமியார், "பீரோவத் தொறந்து போட்டிருக்கியாளா, பாச்சா உருண்டை வாடை அடிக்கி" என்றிருக்கிறார். சரக்கு போலியா, இதை எப்படிப் போடுவது, ஆவணியில் வரும் கல்யாணத்துக்குப் போகுமா என்பது கேள்வி.

இந்த இரண்டு வாடையை வைத்துப் போலி என்று முடிவுகட்ட முடியாது. இரண்டும் பூவுக்குள்ளேயே இருப்பவை. உங்கள் மாமியாரின் மூக்கு ரொம்பச் சரியான மூக்கு.

முதலில் தைலம். சம்பங்கிப் பூவின் மணத்தில் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் உண்டு. வலித் தைலங்களுக்கு அந்த 'சுள்' என்ற வாசனையைத் தருவதும் இதே பொருள்தான். சாயங்காலம் அப்போதுதான் விரியும் சம்பங்கியை மூக்கருகே பிடித்தால், இனிப்புக்கு முன்னால் பச்சையாக, சற்றே மருந்து மாதிரி ஒரு நெடி வரும். மாலையாகக் கட்டி நாலு மணி நேரம் ஆன பூவில் அது போய்விடும். நாம் பெரும்பாலும் மாலையாகத்தான் சம்பங்கியை மோந்திருக்கிறோம், அதனால் இந்த நெடி நமக்குப் புதுசாகத் தெரிகிறது. செர்ஜ் லூத்தான்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1999-இல் வெளியிட்ட 'தூபெரூஸ் கிரிமினெல்' என்ற சம்பங்கி செண்ட் இந்தத் தைல நெடியை வேண்டுமென்றே முன்னால் நிறுத்தியது. முதல் பத்து நிமிடம் மருந்துக்கடை, பிறகு வெண்ணெய் போல இறங்கும் பூ. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அதை விரும்புகிறவர்கள் உண்டு.

அடுத்து பாச்சா உருண்டை. இதற்குக் காரணம் இண்டோல். மல்லி, பிச்சி, ஆரஞ்சுப்பூ, சம்பங்கி என்று கனமாக மணக்கும் வெள்ளைப் பூக்கள் பலவற்றில் இது இருக்கிறது. பிச்சிப்பூவிலிருந்து எடுக்கும் சாரத்தில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் இருக்கும். தனியே, கெட்டியாக எடுத்து மோந்தால் நாஃப்தலின் உருண்டையும் மலமும் கலந்த நாற்றம். மிகக் கொஞ்சமாகக் கரைத்தால் அதுவே பூவுக்கு உயிர் கொடுக்கும். இண்டோல் இல்லாத மல்லிகை செண்ட், பழ மிட்டாய் மாதிரியோ சோப்பு மாதிரியோதான் நிற்கும். இரவு தலையில் வைத்துப் படுத்து விடியக்காலையில் எடுக்கும் பிச்சிச் சரத்தில், ஓரம் பழுப்பேறின இதழில், ஒரு கனத்த, கொஞ்சம் அழுகலுக்குப் பக்கத்தில் போகும் மணம் இருக்குமே, அதில் பெரும்பங்கு இண்டோலுக்கு. தைரியமான வெள்ளைப்பூ செண்ட் என்று உலகத்தில் சொல்லப்படுவது, மொட்டிலிருந்து வாடல் வரைக்கும் பூவின் முழு இரவையும் சீசாவுக்குள் வைக்கப் பார்க்கும் செண்டைத்தான். ஆகவே எடைபோடுகிறவரும் அந்த முழு இரவுக்கும் காத்திருக்க வேண்டும். அடித்த நிமிடத்தில் தீர்ப்புச் சொல்வது, மொட்டைக் கிள்ளிப் பார்த்துப் பூவைக் குறை சொல்வது மாதிரி.

உங்கள் வீட்டில் இன்னொன்றும் நடந்திருக்கலாம். பட்டுச்சேலை வைக்கிற பீரோவில் பாச்சா உருண்டை கிடந்தால், அந்தச் சேலை முழுக்க நாஃப்தலின் ஏறியிருக்கும். அதன்மேல் இண்டோல் தூக்கலான செண்ட் விழுந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் கொடுக்கும். அப்போது பூ பின்னால் போய், உருண்டை மட்டும் முன்னால் நிற்கும். இந்த வகை செண்டைப் போடுவதாக இருந்தால் சேலையை இரண்டு நாள் முன்னதாக எடுத்து நிழலில், தார்சாவிலோ மாடியிலோ, காற்றாட விரித்துப் போடுங்கள். பீரோவில் உருண்டைக்குப் பதிலாகத் துணியில் முடிந்த வசம்பு, காய்ந்த வேப்பிலை வைக்கலாம்.

இனி சோதிக்கும் முறை. கெட்டியான, வழவழப்பில்லாத வெள்ளைத் தாளை 1 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஓவியம் வரைகிற தாள் நல்லது. கல்யாணப் பத்திரிகை அட்டை வேண்டாம், அதன் மை வாடையே தனி. 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஒரே ஒரு தடவை அடித்து, ஸ்பிரிட் பறக்க ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு 5 நிமிடம், அரை மணி, 2 மணி நேரம், 4 மணி நேரம், மறுநாள் காலை என்று ஐந்து முறை மோந்து, ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் முதல் நினைப்பே கடைசிவரை நிற்கும். ஒரு நாளில் மூன்று செண்டுக்கு மேல் பார்க்காதீர்கள். கடைகளில் நடுவில் காப்பிக்கொட்டையை மோக்கக் கொடுப்பார்கள். வெறும் காற்றைவிட அது ஒன்றும் கூடுதலாகச் செய்வதில்லை. வெளியே போய் நாலு மூச்சு இழுத்துவிட்டு வந்தால் போதும்.

தாளில் தேறியது தோலிலும் தேற வேண்டும். குளித்துத் துடைத்த முழங்கை மடிப்பில், பவுடர், சந்தனம், வாசனைச் சோப்பு எதுவும் இல்லாமல் ஒரு தடவை அடியுங்கள். மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. அந்தச் சூட்டில் முதலில் வரவேண்டிய பச்சை, எலுமிச்சை மணங்கள் அவசரமாகப் பறந்துவிடும். அடித்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

மோக்கும்போது கவனிக்க வேண்டியவை நேரத்துக்கு நேரம் மாறும். முதல் பத்து நிமிடத்தில் மூக்கு எரிந்தாலோ, நகப்பாலிஷ் மாதிரி வந்தாலோ குறை. தைலமும் பச்சையும் குறை இல்லை. அரை மணியில் பூவுக்குள் ஒன்றுக்கு மேற்பட்டது தெரிய வேண்டும்: ஒரு மூச்சில் பழம், அடுத்ததில் பால், இன்னொன்றில் கிராம்பு. மலிவான சரக்கில் பென்சைல் அசிட்டேட் மட்டும் ஓங்கி நிற்கும். வாழைப்பழ எசன்ஸும் கழிப்பறை ஃபிரெஷ்னரும் சேர்ந்த அந்த ஒற்றை மணம் நமக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலான செண்டின் உண்மை முகம் வந்துவிடும். பூ மறைந்து வெறும் சர்க்கரையும் துணி சோப்பு மணமும் மிஞ்சினால், முன்பக்கம் மட்டும் காசு போட்டுச் செய்தது. நல்ல சம்பங்கி செண்டில் நாலு மணி நேரத்திலும் பூ இருக்கும். வாடின பூவாக, தோலோடு ஒட்டினதாக, தேங்காய்ப்பால் போன்ற வழவழப்போடு இருக்கும். லாக்டோன் என்ற வகைப் பொருட்கள் தரும் வழவழப்பு அது. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் இந்தக் கனம் இன்னும் கூடும், சிலருக்குத் திகட்டும். அன்றைக்கு எண்ணெய் இல்லாத தலை உத்தமம். வெள்ளிக்கிழமை குளித்துச் சாம்பிராணிப் புகை போட்ட கூந்தல் என்றால் இந்தச் செண்டுக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. சாம்பிராணி வெகுகாலமாகவே வாசனைத் தொழிலில் அடிமணமாகப் பயன்படும் பொருள்.

உங்களுக்கு எப்படி மணக்கிறது என்பது பாதிக் கணக்கு. வருகிறவருக்கு எப்படி மணக்கிறது என்பது மீதி. ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் இரண்டு தடவை அடித்து, பட்டாசலில் (கூடத்தில்) கதவை அடைத்துத் தொங்கவிடுங்கள். அரை மணி வெளியே இருந்துவிட்டு உள்ளே நுழையுங்கள். வாசலிலேயே மூக்கில் அறைந்தால் அந்தச் செண்டுக்கு ஒரு தடவையே உச்சம். அறையின் நடுவுக்கு வந்த பிறகு பூ தெரிந்தால் இரண்டு தாங்கும்.

அளவுதான் இந்த வகையில் எல்லாரும் தவறும் இடம். சாதாரண ஸ்ப்ரே ஒரு அழுத்துக்கு ஏறத்தாழ 0.1 மில்லி தரும். அப்படியானால் 50 மில்லி சீசாவில் 500 தடவை இருக்கிறது. தினம் இரண்டு வீதம் போட்டாலும் எட்டு மாதம் வரும். காசு போகுமே என்று யாரும் கூடுதலாக அடிப்பதில்லை. மூக்கு மரத்துப்போவதால்தான் அடிக்கிறார்கள். ஒரே மணத்துக்குள் பதினைந்து இருபது நிமிடம் இருந்தால் மூக்கு அதைக் கணக்கிலிருந்து விட்டுவிடும். அதுவும் சிறுவயதிலிருந்து தலையில் பூ வைத்தே வளர்ந்தவருக்கு மல்லி மணம் இருப்பதே உறைக்காது. 'ஒண்ணும் வரலியே' என்று மறுபடி அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குத் தலை கிறுகிறுத்துக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் வெளியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தவரிடம் கேளுங்கள். கூடவே இருந்தவரிடம் கேட்டுப் பயனில்லை.

நம் ஊர்ச் சூடும் அளவை மாற்றும். பிரான்ஸில் குளிர்நாளில் நாலு தடவை அடிக்கவென்று செய்த செண்டைச் சித்திரை வெயிலில் ஜங்ஷன் பஸ்ஸில் போட்டால் அது இரட்டிப்பாக எழும், சீக்கிரம் தீரவும் செய்யும். கோடையில் ஒரு தடவை, அதுவும் கழுத்தில் வேண்டாம். கழுத்து நம் மூக்குக்கு ரொம்பக் கிட்டம். வெயில் படுகிற தோலில் செண்ட் பட்டுச் சிலருக்குக் கருந்திட்டு விழுவதும் உண்டு. இடுப்புப் பக்கம், முழங்கால் பின்மடிப்பு, முழங்கை மடிப்பு நல்ல இடங்கள். மணம் கீழிருந்து மெதுவாக எழும்பி வரும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் மேலே அடித்தது நிற்காது. துணிக்கு உள்ளே தோலில் இரண்டு. சாரல் நேரத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் போகிறீர்கள் என்றால் இந்தச் செண்டை அங்கே போட்டுப் பாருங்கள். குளிர்ந்த ஈரக்காற்றில் சம்பங்கி விரிந்து நிற்கும் அழகு பாளையங்கோட்டை மதியத்தில் கிடைக்காது. மார்கழிக் காலையும் அப்படியே. ஏசி அறை வேலைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும், கைக்குழந்தை பார்க்கப் போகும் வீட்டுக்கும், சாவு நடந்த துட்டி வீட்டுக்கும் வேண்டவே வேண்டாம்.

துட்டி வீட்டைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு விளம்பரங்களில் சம்பங்கி என்றால் மயக்கம், ராத்திரி, காதல். நமக்குச் சம்பங்கி என்றால் மாலை. கல்யாண மாலையும் அதுதான், கடைசியாகப் போடுகிற மாலையும் அதுதான். சங்கரன்கோவில் சந்தையிலோ தோவாளையிலோ காலையில் நின்றால் இரண்டுக்கும் ஒரே குவியலிலிருந்து அள்ளுவதைப் பார்க்கலாம். ஆகவே சுத்தமான சம்பங்கி செண்டை இங்கே போட்டால், வயதானவர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அது செண்டின் குறையும் இல்லை, அவர்களின் அறியாமையும் இல்லை. இந்த மண்ணில் அந்தப் பூவுக்கு இருக்கும் நினைவு அது. தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. சம்பங்கியை மல்லியோ, பழமோ, மசாலாவோ உடைத்துக்கொடுக்கும் செண்டில் மாலை நினைவு குறையும்.

இந்த வகையை ஒப்பிட்டுப் பழக ஆசைப்பட்டால் சில பெயர்கள். 1948-இல் ழெர்மேன் செலியே செய்த 'ஃப்ராகா' இன்றைக்கும் சம்பங்கி செண்டுகளுக்கு அளவுகோல்: வெண்ணெய், ஆரஞ்சுப்பூ, எதற்கும் அஞ்சாத கனம். டியோர் 1985-இல் விட்ட 'பாய்சன்' சம்பங்கியோடு பிளம் பழமும் மசாலாவும் சேர்ந்தது. அதற்கு நம் வெயிலில் அரைத் தடவையே போதும். தோமினிக் ரோப்பியோன் 2005-இல் செய்த 'கார்னல் ஃபிளவர்' பச்சைத்தண்டோடு, யூகலிப்டஸ் சாடையோடு, செடியில் நிற்கும் பூ மாதிரி இருக்கும். உயிர்ப்பூவைத் தேடுகிறவருக்கு அதைச் சொல்வேன். அதே ஆண்டு வந்த மூக்ளேரின் 'ஏலியன்' நம் குண்டுமல்லி வகையை மையமாக்கியது, ஆனால் அதன் மல்லி மெழுகிப் பளபளக்கும் மல்லி. 2017-இல் வந்த 'கூச்சி புளூம்' இவற்றில் சாது. அதில் சம்பங்கி, மல்லி மொட்டோடு ரங்கூன் மல்லி என்றும் போட்டிருப்பார்கள். நம் தெருவில் வாசல் வளைவுகளில் படர்ந்து, வெள்ளையாகப் பூத்துச் சிவப்பாக மாறும் அதே கொடி. கார்டீனியா என்று போட்டிருப்பது பெரும்பாலும் கூட்டிச் செய்த மணம்தான், அந்தப் பூவிலிருந்து வியாபார அளவில் சாரம் எடுப்பது வழக்கம் இல்லை.

நிஜப் பூவா என்ற கேள்விக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ 1,000 கிலோ மல்லியிலிருந்து 1 கிலோவை ஒட்டித்தான் சாரம் கிடைக்கும், சம்பங்கியில் அதைவிடக் குறைவு. மதுரை, நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கத்துப் பூ இப்படிச் சாரமாகி வெளிநாடு போகிறது. கிலோ பல லட்ச ரூபாய். 300 ரூபாய் சீசாவில் 'அசல் மல்லிகை' என்று எழுதியிருந்தால் அது எழுத்து மட்டுமே. அதற்காகச் செயற்கைப் பொருளைக் கீழாக நினைக்க வேண்டாம். ஹெடியோன் என்ற செயற்கைப் பொருள் 1966-இல் டியோரின் 'ஓ சவாழ்' வழியாக வந்த பிறகுதான் மல்லிகை செண்டுகளுக்குள் காற்றோட்டம் வந்தது. அது இல்லாமல் நிஜச் சாரத்தை மட்டும் ஊற்றினால் புழுக்கமாக இருக்கும்.

கல்யாணத்துக்கு வருவோம். குளித்துத் துவட்டியதும், சேலை கட்டுவதற்கு முன், இடுப்பில் ஒன்று, முழங்கால் பின்னால் ஒன்று. தோல் வறண்டதாக இருந்தால் அந்த இடத்தில் வாசனையில்லாத வாஸ்லைன் மெல்லிசாகத் தடவிவிட்டு அடித்தால் கூடுதல் நேரம் நிற்கும். ஐந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு சேலை, நகை. பட்டின்மேல் நேராக அடித்தால் வட்டக் கறை விழும், சரிகையும் நாளடைவில் மங்கும், முத்துக்கும் கவரிங்குக்கும் ஆகாது. துணியில் வேண்டும் என்றால் உள்பாவாடையின் பருத்தி ஓரத்தில் ஒரு தடவை. குத்துவிளக்கு, ஆரத்தி, அடுப்புப் பக்கம் நின்று அடிக்காதீர்கள். பெரும்பங்கு ஸ்பிரிட், சட்டென்று பற்றும்.

தலைப்பூவைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. தலையில் நாலு முழம் மல்லி வைத்துக்கொண்டு மல்லிகை செண்ட் போடாதீர்கள். பச்சைப்பூ பக்கத்தில் இருக்கும்போது எவ்வளவு விலை கூடிய செண்டும் பிளாஸ்டிக் பூ மாதிரித் தெரியும். செண்ட் ஓங்கினாலோ பூ செத்துவிடும். அன்றைக்குச் செண்ட் பேச வேண்டும் என்றால் கனகாம்பரம் வையுங்கள். நிறம் உண்டு, மணம் கிடையாது. அந்தச் செண்டும் கனகாம்பரமும் சேர்ந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மல்லியே வைப்பதாக இருந்தால் செண்ட் பீரோவில் இருக்கட்டும். மணப்பெண்ணுக்கு நான் செண்டே சொல்வதில்லை, அவள் தலையும் மாலையும் போதும்.

தப்பித்தவறி அதிகமாகிவிட்டால் தண்ணீர் மட்டும் ஊற்றிப் பயனில்லை. பஞ்சில் ஸ்பிரிட் அல்லது கை சுத்தம் செய்யும் சானிடைசர் நனைத்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சீசாவை வைக்கும் இடம்: டப்பாவோடு, வெளிச்சம் படாமல், குளியலறையிலோ ஜன்னல் ஓரத்திலோ இல்லாமல். பீரோ சரி, ஆனால் உருண்டை கிடக்கும் தட்டு வேண்டாம். நாளாக ஆகத் திரவம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் பதறாதீர்கள். இண்டோலும், ஆரஞ்சுப்பூவுக்குத் திராட்சைச் சாயல் தரும் மெத்தில் ஆந்த்ரானிலேட்டும், வெனிலாப் பொருட்களும் இருக்கும் செண்ட் நிறம் மாறுவது இயல்பு. கெட்டதா என்பதை மணம் சொல்லும். அடித்ததும் புளிப்பாக, வினிகர் மாதிரி வந்து, அரை மணியிலும் தெளியவில்லை என்றால் கெட்டது.

போலியா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால், டப்பாவின் அடியில் இருக்கும் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) சீசாவின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்ப்ரே பனி மாதிரி நைசாக வருகிறதா, சொட்டாகத் தெறிக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணையும் போலியில் அச்சடிப்பார்கள் என்பதால் கடைசிச் சோதனை அந்தத் தாள்தான். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை அடித்து அலமாரி விளிம்பில் செருகி வையுங்கள். காலையில் எடுத்து மோக்கும்போது, ராத்திரி தலையிலிருந்து கழற்றிப்போட்ட பிச்சிச் சரத்தின் மணம் கொஞ்சமாவது இருந்தால் கொழுந்தன் நல்ல சரக்குத்தான் வாங்கி வந்திருக்கிறார். அந்தத் தாளை மாமியாரிடமும் ஒருமுறை கொடுத்துக் கேளுங்கள்.